அப்பா பெயருக்கு ஒரு நாற்காலி

நான் ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, என் அப்பாவின் பெயரும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தது. அப்பா சேரவில்லை. அவர் ஜெயங்கொண்டத்தில்தான் இருந்தார். பெயர் மட்டும்.

விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று முதல் பெயர், மற்றொன்று குடும்பப் பெயர். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். எனக்கு இருப்பது ஒரே பெயர், இளம்பரிதி. அதற்கு முன்னால் ஓர் அ, ஒரு புள்ளி, அவ்வளவுதான். அ என்றால் அரங்கநாதன், என் அப்பா. அ போட்டுப் புள்ளி வைத்தேன். குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும், புள்ளி கணக்கில் வராது என்றது கணினி. அதற்கென்ன என்று அப்பாவின் பெயரை முழுதாக விரித்துப் போட்டேன். நட்சத்திரம் அணைந்தது.

பிப்ரவரி மாதம், காசெல் என்கிற ஊர். முதல் நாள் காலை எட்டு மணிக்குப் போய் நின்றேன். ஊழியர் நலன் பார்க்கும் திருமதி வோல்ஃப் இரண்டு அடையாள அட்டை, இரண்டு சாவி, இரண்டு காப்பிக் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"திரு. அரங்கநாதன் வந்துகொண்டிருக்கிறாரா?"

"அவர் என் அப்பா," என்றேன்.

"அது படிவத்திலேயே தெரிகிறது. உட்காரச் சொல்லுங்கள்."

சொன்னேன். உட்கார்ந்தது.

பெயர் எப்படி இருக்கும் என்று கேட்டால், பெயரைப் போலத்தான் இருக்கும். அப்பாவைப் போல இருக்காது. அப்பாவுக்கு வழுக்கை உண்டு, பெயருக்கு இல்லை. தமிழில் ஏழெழுத்தாகப் புறப்பட்டது, ஜெர்மனியில் இறங்கியபோது பன்னிரண்டு எழுத்தாக இருந்தது. வெளிநாடு போனால் உடம்பு வைப்பது சகஜம்தானே. நாற்காலி சற்று இறுக்கமாக இருந்ததால் மறுநாளே அகலமானது ஒன்று கொண்டுவந்து போட்டார்கள்.

எங்கள் நிறுவனம் லிஃப்டுகளுக்கு மூளை செய்கிறது. லிஃப்டை வேறு யாரோ செய்கிறார்கள். ஒருவர் பொத்தானை அழுத்தினால் நான்கு லிஃப்டில் எது போக வேண்டும், எப்போது போக வேண்டும், வழியில் எங்கெங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் நிரலை நாங்கள் எழுதுகிறோம். எங்கள் பிரிவுக்குத் தலைவர் திரு. கெஸ்லர். ஒல்லியான மனிதர். சிரிப்பதாக இருந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார்.

அந்த அலுவலகத்தில் மரியாதைக்குக் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் காலை வணக்கங்கள் எல்லாம் பக்கத்து நாற்காலிக்குப் போயின. எனக்கு ஒரு வணக்கம் வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எனக்குச் சத்தமாகப் பேச வராது. கூட்டத்தில் நான் சொல்வது என் மேசை விளிம்பைத் தாண்டுவதற்குள் அடுத்தவர் பேசத் தொடங்கிவிடுவார். அங்கே ஒருவர் என்ன செய்தார் என்பதை அவரே எடுத்துச் சொல்ல வேண்டும். நான் செய்தேன், நான் முடித்தேன், நான் கண்டுபிடித்தேன் என்று. எனக்கு நான் என்று ஆரம்பித்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பெயருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு நான் என்பதே கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்தப் பேருந்து எப்போது வந்தது, எப்போது போக வேண்டும் என்று பெரிய நோட்டில் எழுதி, விசில் ஊதி அனுப்பிவைக்கும் வேலை. அந்த முப்பத்தொரு வருடமும் பெயரோடு வந்திருந்தது.

ஜெர்மனியில் கூட்டம் முடிந்ததும் கை தட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேசையில் தட்டுவார்கள், டொக் டொக் என்று. அதுதான் பாராட்டு. கண்டக்டர் பேருந்தின் பக்கவாட்டில் தட்டினால் வண்டி கிளம்ப வேண்டும் என்பதுதான் அப்பா பெயருக்குத் தெரிந்தது. முதல் கூட்டத்தில் நடுவே யாரோ எதற்கோ தட்டினார்கள். பெயர் எழுந்து கிளம்பிவிட்டது. பின்னாலேயே எல்லோரும் எழுந்தார்கள். இரண்டு மணி நேரக் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அன்று மதியம் திரு. கெஸ்லர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டமும் நாற்பது நிமிடத்தைத் தாண்டவில்லை.

அந்த ஊரில் பிறந்த நாள் வந்தால், பிறந்தவரே கேக் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு இரண்டு பிறந்த நாள். ஒன்று பங்குனியில் நிஜமாகவே பிறந்தது. மற்றொன்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தன் கணக்குக்குப் போட்டுக்கொண்ட ஜூன் ஐந்து. பெயர் இரண்டுக்கும் கேக் வைத்தது. ஒரே ஆள் வருடத்துக்கு இரண்டு முறை கேக் கொடுப்பது அந்த அலுவலகத்தில் அதுவே முதல் தடவை. மற்றவர்களும் வீட்டில் போய்த் தங்கள் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன்.

பெரிய காரியம் ஏப்ரலில் நடந்தது. இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் நான்கு லிஃப்டு. காலையில் ஜனங்கள் காத்து நின்று சலித்துப்போய், புகார்மேல் புகார். நான் ஆறு வாரம் சமன்பாடு போட்டுப் பார்த்தேன். பதினோரு விநாடி குறைந்தது. பெயர் ஒரு தாளில் நான்கு கோடு கிழித்தது. முதல் லிஃப்டு எல்லா நிறுத்தத்திலும் நிற்கும். இரண்டாவது ஒற்றைப்படை மாடிகள். மூன்றாவது பாயின்ட் டு பாயின்ட், கீழே கிளம்பினால் பதினெட்டில்தான் கதவு திறக்கும். நான்காவது ஸ்பேர், எதுவும் பழுதானால் மட்டும் எடுக்கலாம். முதல் லிஃப்டு பதினோராம் மாடியில் ஐந்து நிமிடம் நிற்கும், டீ குடிக்கிறவர்கள் குடிக்கலாம் என்று அடியில் ஒரு குறிப்பு.

போட்டுப் பார்த்தார்கள். பதினோராம் மாடியில் ஒரு டீ மேசை வந்தது. ஜனங்கள் இறங்கினார்கள். ஒன்பது வருடம் ஒரே லிஃப்டில் வந்துபோனவர்கள் அங்கே முதல்முறையாக ஒருவரை ஒருவர் எந்த ஊர் என்று விசாரித்தார்கள். ஐந்து நிமிடம் முடிந்ததும் விசில் கேட்டது, கையில் கோப்பையோடு ஓடிப்போய் ஏறினார்கள். நேரம் முன்னைவிட அதிகமாகத்தான் ஆனது. புகார் ஒன்றுகூட வரவில்லை. பாயின்ட் டு பாயின்டில் போகிறவர்கள் சிலர் அதை விட்டுவிட்டு எல்லா நிறுத்தமும் நிற்பதில் ஏற ஆரம்பித்தார்கள். மேசையில் டொக் டொக் என்று தட்டினார்கள். பெயர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பியது. நானும் கிளம்பினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே வீட்டுக்காரர்கள்தானே.

இதற்கு நடுவில், ஊரில் அப்பாவுக்குப் பெயர் இல்லை.

அது வீட்டில் யாருக்கும் முதலில் தெரியவில்லை. அம்மா கல்யாணமான நாளிலிருந்து அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏங்க என்பாள், அவர் திரும்புவார். அதனால் இரண்டு மாதம் அவளுக்கு ஒரு வித்தியாசமும் படவில்லை. வெளியில்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்துக் கூப்பிடவந்த நர்ஸ் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை, கொஞ்சம் யோசித்துவிட்டு ஏங்க என்றார். காய்கறிக்காரர் ஏங்க என்றார். அப்பாவோடு முப்பது வருடம் வேலை பார்த்த டிரைவர் காத்தமுத்து மாமா தெருமுனையிலிருந்து ஏங்க என்று கத்தினார்.

அக்கா பொற்கொடி போனில் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு வேல கெடச்சா நீ போடா. அவரு பேரையும் ஏன்டா இழுத்துட்டுப் போன? இங்க தெருவே அம்மா மாதிரி ஏங்கங்குது. காத்தமுத்து மாமா ஏங்கன்னா கேக்கச் சகிக்கல."

அப்பா போனை வாங்கினார். அவர் குரலில் வருத்தம் இல்லை.

"விடுப்பா, அவ கெடக்கா. பேரு அங்க நல்லாருக்குதா? குளுருக்கு என்னமும் போத்திக்குதா?"

நல்லா இருக்கிறதென்றேன். லிஃப்டு விஷயத்தைச் சொன்னேன். பதினோராம் மாடியில் டீக்கு நிற்கிறதென்றதும் அவர் சிரித்த சிரிப்பு போனை அதிரவைத்தது. ஒரு வகையில் நிம்மதிதான் என்றார். ஓய்வுபெற்றோர் சங்கத்தில் அவரைச் செயலாளராக்கித் தீருவோம் என்று தேடிக்கொண்டிருந்தார்களாம். இப்போது தீர்மானத்தில் எழுதப் பெயர் கிடைக்காமல் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களாம். பெயரை அடிக்கடி ஜன்னல் பக்கம் நிறுத்து, அதுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் என்றும் சொன்னார்.

அப்படியே போயிருந்தால் ஒன்றுமில்லை. பொற்கொடிக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை பெரம்பலூர். இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். நான்கு வருடமாக அக்கா இதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வீட்டையும் ஒருவழியாகச் சம்மதிக்கவைத்து, ஆவணியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. ஆடியில் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள், எனவே ஆனி முடிவதற்குள் பத்திரிகை அடித்து முதல் பிரதியைக் குலதெய்வத்தின் முன் வைத்துவிட வேண்டும். பிரஸ்ஸில் கொடுத்தார்கள். மாதிரி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரி சரியாக இருந்தது. எங்கள் வரியில் திரு. என்று இருந்தது, பிறகு ஒரு விரற்கடை வெள்ளையாக இருந்தது, பிறகு செங்கமலம் தம்பதியரின் மூத்த மகள் என்று இருந்தது. செங்கமலம் என் அம்மா. வெள்ளை என் அப்பா.

பிரஸ்காரர் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், நிறத்தை மாற்றிப் பார்த்தார், அரியலூருக்குப் போய் வேறு இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார். அதே வெள்ளை. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் மாதிரியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு அப்பா பெயர் இல்லாத பத்திரிகையை எந்த வீட்டு வாசலில் நின்று நீட்டுவது என்று கேட்டாராம். ஆனிக்குள் பெயர் வரட்டும், இல்லையென்றால் தைக்குப் பார்க்கலாம் என்றாராம். தைக்குப் பார்க்கலாம் என்றால் அந்த வீட்டில் என்ன அர்த்தம் என்பது அக்காவுக்குத் தெரியும்.

அன்று அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தம்பி, பேரு வந்தா போதும்டா," என்றாள். "வேற ஒண்ணும் நான் கேக்கல."

ஆனி முடிய ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் காலை நான் திருமதி வோல்ஃபிடம் போனேன். அப்பா பெயருக்கு ஊர் போக விடுப்பு வேண்டுமென்றேன். அவர் கோப்பைப் புரட்டினார். நாங்கள் இருவரும் ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் இருந்தோம். ஆகஸ்டு வரை நீண்ட விடுப்பு கிடையாது. அதோடு திரு. அரங்கநாதனுக்குக் கையில் மூன்று கட்டடங்கள் இருந்தன, அதில் ஒன்று நாற்பது மாடி. அவரைக் காலவரையின்றி அனுப்புவதற்கில்லை என்று மிகவும் தன்மையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அவருடைய விருப்பம் என்னவென்று கேட்டீர்களா என்றார்.

நான் கேட்கவில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது. போய்க் கேட்டேன். பொற்கொடி அக்காவுக்குக் கல்யாணம், பத்திரிகையில் நீங்கள் இருக்க வேண்டும் என்றேன். பெயர் தன் நோட்டை எடுத்தது. அப்பாவின் அதே சாய்ந்த எழுத்தில் ஒரு வரி வந்தது.

போக ஆசை. மாற்றாள் வராமல் டூட்டியில் இருந்து இறங்க இயலாது.

அப்பாவும் அப்படித்தான். ஒரு தீபாவளி அன்று அடுத்த ஷிப்ட்காரர் வரவில்லை என்று சாயங்காலம் வரை டைம் கீப்பர் கூண்டிலேயே நின்றிருந்தவர். அவர் பெயரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? மாற்றாளுக்கு நான் எங்கே போவேன் என்று யோசித்தேன். என் சொந்தப் பெயரைக் கேட்கலாம் என்றால், அது என் நாற்காலியில் ஏற்கெனவே எட்டு மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, முறைப்படி ஒரு விண்ணப்பமாவது எழுதிவைப்போம், இல்லை என்று சொன்னால் எழுத்தில் சொல்லட்டும் என்று அன்று மதியம் தாளை நிரப்பினேன். என்னென்னவோ ஜெர்மனில் எழுதினேன். அடியில் கையெழுத்துப் போடும்போது கை தன் பழக்கத்துக்குத் தமிழில் போட்டுவிட்டது. அ. இளம்பரிதி. அடித்துவிட்டு மாற்றலாம் என்று பார்ப்பதற்குள் திருமதி வோல்ஃப் தாளை வாங்கிக்கொண்டார். திரு. கெஸ்லரும் பக்கத்தில் இருந்தார். திருமதி வோல்ஃப் பென்சில் முனையால் முதல் எழுத்தைத் தொட்டார்.

"இது யார்?"

"அப்பா," என்றேன்.

"அவர்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாரே."

"அவர் முழுதாக வர முடியாத இடத்துக்கு இது வரும்."

பென்சில் நின்றது. "மாற்றாளா?"

நான் இதை அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் சொன்னது சரிதான். பள்ளி வருகைப் பதிவில், பரீட்சைத் தாளில், பஸ் பாஸில், கல்லூரி விடுதியில், எங்கேயும் அப்பா வந்து நின்றதில்லை. அ வந்து நின்றது.

"ஆமாம்," என்றேன்.

"எத்தனை வருட அனுபவம்?"

"ஒன்றாம் வகுப்பிலிருந்து. இருபத்திரண்டு வருடம்."

"விடுப்பு எடுத்ததுண்டா?"

"ஒரு நாள்கூட இல்லை."

திரு. கெஸ்லர் கண்ணாடியைக் கழற்றினார். இப்படி ஓர் ஆளை இத்தனை நாளாக வெளியே சொல்லாமல் வைத்திருந்ததற்கு என்னைக் கொஞ்சம் கடிந்துகொண்டார். வெளிநாட்டு வேலைக்கு வந்தவர் தன்னிடம் இருப்பதைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டும், நாங்கள் கேட்போம் என்று காத்திருக்கக் கூடாது என்றார். நான் சரி என்றேன். அன்றிலிருந்து அதைக் கடைப்பிடிக்கிறேன்.

கணினி மட்டும் முரண்டு பிடித்தது. குறைந்தது இரண்டு எழுத்து. அ ஒன்றுதான், புள்ளி கணக்கில் வராது. ஊழியர் மன்றம் கூடியது. புள்ளி இருபத்திரண்டு வருடமாக அ-வின் பக்கத்திலேயே நின்றிருக்கிறது, அதையும் ஊழியராக மதிக்காமல் வேலை வாங்கியது தவறு என்று மன்றத்தில் பேசினார்கள். புள்ளிக்குத் தனியாக அரைநாள் ஒப்பந்தம் போட்டார்கள். கூட்டக் குறிப்புகளில் வாக்கியங்களை முடித்துவைப்பது அதன் பொறுப்பு. கணினி ஏற்றுக்கொண்டது. ஆனி முடிய நான்கு நாள் இருந்தது.

இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அ இங்கே தங்கிவிட்டால், பெயர் ஓர் எழுத்துக் குறைவாக ஊருக்குப் போக வேண்டும். அது நிற்குமா, விழுந்துவிடுமா? அப்பாவைப் போனில் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அட, அ நம்மளுது இல்லப்பா. எங்கம்மா வெச்சது ரங்கநாதன். தமிழ்ல ர-வுல பேரு தொடங்கப்படாதுன்னு பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியார்தான் முன்னால ஒரு அ போட்டுவுட்டாரு. பொறந்த நாளு போட்ட அன்னைக்கே அதையும் போட்டாரு. அது அங்க இருந்து பொழைக்கட்டும். மிச்சத்த அனுப்பு."

அன்று மாலை நாலரை மணிக்கு, நல்ல வெயிலில், அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். பெயர் தன் நோட்டை அ-விடம் ஒப்படைத்தது. வந்த நேரம், போகும் நேரம் இரண்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டது. மேசைகளில் டொக் டொக் என்று தட்டினார்கள். நான் வெள்ளைத் தாளில் பத்திரிகை வாசகத்தை என் கையால் எழுதி, திரு.வுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் ரங்கநாதன் என்று பெயரை மெதுவாக உட்காரவைத்தேன். படம் எடுத்தேன். அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பக்கத்தில் பார்த்தேன், அகலமான நாற்காலியின் ஓரத்தில் அ உட்கார்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் காலி.

மறுநாள் அப்பா கூப்பிட்டார். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாராம். பின்னாலிருந்து காத்தமுத்து மாமா, யோவ் ரங்கநாதா, கூப்பிட்டா திரும்ப மாட்டியா என்றாராம். அப்பா திரும்பவில்லை. கேட்காமல் அல்ல.

"இன்னொருக்கா கூப்புடுய்யான்னேன்," என்றார் அப்பா. "கூப்புட்டான். அப்பறம் இன்னொருக்கான்னேன். அவனும் சளைக்காம ஏழெட்டுத் தடவ கூப்புட்டான்பா. திருச்சி வண்டிக்கு நின்ன சனமெல்லாம் திரும்பிப் பாக்குது."

 அங்கே போய் வைத்திருந்த உடம்பெல்லாம் இறங்கிவிட்டதென்றும், பெயர் ஆறெழுத்தில் சிக்கென்று இருக்கிறதென்றும் சொன்னார். அம்மா மட்டும் மாற்றமில்லாமல் ஏங்க என்கிறாளாம்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் அச்சான பத்திரிகையைப் பார்த்தார். முன்னால் ஓர் அ இருந்ததே, அது எங்கே என்றார். ஜெர்மனியில் வேலை பார்க்கிறது என்று அக்கா சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதை ஏன் போடவில்லை என்று பிரஸ்காரரைக் கோபித்து, எல்லாவற்றையும் திரும்ப அடிக்கவைத்தார். திரு. ரங்கநாதன், அதற்குக் கீழே சின்ன எழுத்தில், அ, ஜெர்மனி. மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே இருந்த இரண்டு பட்டங்களைவிட அந்த ஓர் எழுத்துதான் பெரம்பலூர்ப் பக்கம் பேசப்பட்டது.

ஆகஸ்டு முதல் வாரம் எனக்கும் அ-வுக்கும் வேலை உறுதியானது. கூட்டத்தில் என்னைப் பற்றி நானே சொல்லும்படி திரு. கெஸ்லர் கேட்டார். நான் எழுந்து, நான் என்று ஆரம்பித்தேன். நாக்கு ஒட்டவில்லை. மேசையின் கடைசிவரை கேட்டதென்று பிறகு சொன்னார்கள். விடுப்புக் கேட்டேன், மூன்று வாரம் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். அ வரவில்லை, அதற்கு நாற்பது மாடி இருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டப வாசலில் பூவில் எழுதியிருந்த பெயர்களை அப்பா போகும்போதும் வரும்போதும் படித்தார். காத்தமுத்து மாமா பந்தியில் நின்றுகொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவரை ரங்கநாதா ரங்கநாதா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மைக்கில், பொண்ணோட அம்மா மேடைக்கு வாங்க, ரங்கநாதன் வீட்டம்மா மேடைக்கு வாங்க என்று அழைத்தார்கள். செங்கமலம் என்று யாரும் அழைக்கவில்லை. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். தாலி ஏறியபோது அக்கா நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடி, வாயசைத்து ஏதோ திட்டினாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பினேன். அம்மா பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, அ-வுக்கென்று தனியாக ஒரு பொட்டலம் முறுக்கு எல்லாம் கட்டித் தந்தாள். வாசலில் நின்று, ஏங்க, பையைத் தூக்கி வண்டியில வைங்க என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கார் தெரு திரும்பும்வரை கையை ஆட்டினாள்.

சென்னை விமான நிலையத்தில் பயணச்சீட்டைக் கொடுத்தபோது, கவுண்டரில் இருந்த பெண் இரண்டு போர்டிங் பாஸ் அடித்துத் தந்தார். வாங்கிக்கொண்டேன். விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் அம்மாவின் பெயர் உட்கார்ந்திருந்தது. செங்கமலம், ஐந்தெழுத்து அல்ல, சரியாக எண்ணினால் ஆறு. மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு, பெல்ட்டை எனக்கு முன்பாகவே போட்டிருந்தது.

ஜன்னல் பக்கம் வேண்டுமென்றது. எழுந்து இடம் மாற்றிக்கொண்டோம்.